கிடங்குச் சுவரில் ஒரு பெயர்

பெரம்பலூர்,
3.1.2025, வெள்ளி

தமிழு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கிடங்குக்குப் போய்ச் சுவரில் எழுதினேன். காபிகூடக் குடிக்கவில்லை. வெயில் ஏறினால் காவி தூரிகையிலேயே காய்ந்துவிடும், எழுத்து திக்கித் திக்கி வரும். விடிந்ததும் எழுதினால்தான் இழுத்த இழுப்புக்கு வரும். பனியில் சுவர் லேசாக ஈரமாயிருந்தது. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். கை வலித்தது. முன்பெல்லாம் இப்படிப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு துள்ளல் இருக்கும். இன்று எழுத்து கோணலில்லாமல் வந்ததா என்று மட்டும் பார்த்தேன்.

தீபாவளிக்கு நான் அங்கே வந்தபோது நீ சொன்னது மறக்கவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் மாப்பிள்ளை கையில், பேசினால் பாப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், எனக்கென்று ஒரு கடுதாசி வந்தால் நன்றாயிருக்கும், அங்கன்வாடி விலாசத்துக்குப் போடு என்றாய். உட்கார இத்தனை நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. பகல் முழுக்கக் கல்லூரி நூலகம், சாயங்காலம் கிடங்கு. வீட்டுக்கு வந்தால் சோறு வடிக்கவே மனசில்லை, ரசத்துக்கு அப்பளம் போதும் என்று படுத்துவிடுகிறேன்.

நீ கடைசியாக வந்தபோது இங்கே நாடகம் போட்டோம், நினைவிருக்கிறதா? பஞ்சு வாடையில் உனக்குத் தும்மல் வந்து பாதியில் எழுந்து போனாய். இன்னும் அதே வாடைதான். பருத்தி மூட்டை அடுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான் மாற்றம். சேர்ந்து ஆரம்பித்தவர்களில் ஒருவர் சென்னைக்குப் போய்விட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருத்தி மகளோடு கோயம்புத்தூரில். சாவி என்னிடம் இருப்பதால் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது.

அடுத்தடுத்து மூன்று நிகழ்ச்சி. பொங்கல் முடிந்த சனிக்கிழமை செட்டிகுளம் பெண்களின் பறையாட்டம். அதற்கடுத்த சனிக்கிழமை, 25ஆம் தேதி, விக்கியின் ஆவணப்படம் 'சுண்ணாம்பு நிலம்'. பிப்ரவரி ஒன்றாம் தேதி தா.பழூர் பசங்களின் நாடகம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும்: படம் எடுத்தவர் பெயரைச் சுவரில் போடுவதில்லை, படத்தில் வருகிறவர்களின் பெயரைப் போடுவோம். எடுத்தவனுக்கு எங்கேயாவது போஸ்டர் ஒட்டுவார்கள். பேசினவர்களுக்கு யார் ஒட்டுவார்கள்? அதனால் 'சுண்ணாம்பு நிலம்' என்று எழுதி, கீழே காத்தாயி, அறிவரசன் என்று எழுதினேன். நம் மாப்பிள்ளை பெயர் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

அவர் உன்னிடம் எல்லாம் சொல்லியிருப்பார். ஆடி மாதம் இங்கே வந்துதான் பேசினார். விக்கி கேமராவைப் பிடித்தான், நான் விளக்கைப் பிடித்தேன். அன்று அவர் பேசினதைப் போல ஒரு மனிதன் பேசி நான் கேட்டதில்லை. 25ஆம் தேதி நீயும் வா. முன்வரிசை படத்தில் வருகிறவர்களின் வீட்டுக்காரர்களுக்குத்தான். மூக்கில் துணி கட்டிக்கொண்டாவது வா.

அக்கா


திருமானூர் பக்கம்,
6.1.2025

அக்கா,

உன் கடுதாசியும் உன் சுவரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. சுவர்தான் முதலில் வந்தது.

யாரோ அந்த வழியாகப் போனவன் போட்டோ எடுத்து டிப்பர் டிரைவர்கள் குரூப்பில் போட்டிருக்கிறான். பேர் பெரிதாக வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, நன்றாகத்தான் வந்திருக்கிறது. சூப்பர்வைசர் கண்ணாடி போடாமலே படித்துவிட்டார். இவர் காலையில் மைன்ஸுக்குப் போனதும், "வாங்க ஹீரோ சார், மேக்கப் போட்டுட்டு வந்தீங்களா"ன்னு எல்லார் முன்னாலும் கேட்டாராம். அப்புறம் வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போ, கூப்பிடும்போது வா என்றாராம். மத்தியானம் நான் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு வந்தால் இவர் வூட்டில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் முறம். மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார். அவர் மொச்சை உரித்து நான் பார்த்ததே கிடையாது.

எல்லாம் சொல்லியிருப்பார் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றும் சொல்லவில்லை. அமாவாசை செத்தது எனக்குத் தெரியும். மைன்ஸில் கொடி காட்டுகிற ஆள், குடித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் விழுந்துவிட்டான் என்று தெரியும். சாவுக்குப் போய் அவன் பெண்டாட்டி காத்தாயியைக் கட்டிக்கொண்டு அழுதும் வந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குத்தான் கேட்டேன், அப்படி என்னதான் சொன்னீங்க என்று. "அண்ணி கேட்டாங்க, சொன்னேன்" என்கிறார்.

அக்கா, உனக்கு அவர் எப்போதாவது இல்லை என்று சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? அவருக்கு லைசென்ஸ் எடுக்க அலைந்தவள் நீ. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்கிக் கொடுத்தவள் நீ. நீ நெருப்பில் நில்லுங்கள் மாப்பிள்ளை என்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அந்த ஆள் தானே வந்து பேசினார் என்று எழுதுகிறாய்.

சுவரில் இருக்கிற பேரை அழித்துவிடு. படத்தில் அவர் வருகிற இடத்தை எடுத்துவிடு. இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தமிழ்மொழி


பெரம்பலூர்,
9.1.2025

தமிழு,

உன் கடிதம் வந்தவுடன் பெயரைக் கழுவிவிட்டேன். காவி உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு கை சுண்ணாம்பு அடித்தும் மஞ்சளாகத் தெரிகிறது. படிக்க முடியாது. ஆனால் ஒரு பெயர் இருந்த இடம் என்பது தெரியும். இத்தனை வருடத்தில் அந்தச் சுவரில் எழுதியதை நிகழ்ச்சிக்கு முன்னால் அழித்தது இதுதான் முதல் தடவை. போட்டோ எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மரியாதை செய்வதாக நினைத்து எழுதினேன். அது வேறு இடத்தில் வேறு மாதிரி படிக்கப்படும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் படத்தை வெட்டுவது என் கையில் இல்லை. அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

லெப்பைக்குடிக்காடு பாத்திமா பீவி அம்மாவை உனக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால், புருஷனும் பிள்ளையும் வளைகுடாவில் இருக்க, இங்கே காலம் தள்ளும் பெண்களைப் பற்றி ஒரு படம் போட்டோம். அதில் அந்தம்மா பேசியிருந்தார்கள். படம் போடுகிற அன்று அவர்கள் மகன் இலியாஸ் ஷார்ஜாவிலிருந்து எனக்குப் போன் செய்து, எங்கம்மா முகம் வரக்கூடாது, குடும்ப மானம் என்றான். நான் அந்தம்மாவிடம் போனைக் கொடுக்கவில்லை. நேரில் போய்க் கேட்டேன். அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என் மூஞ்சி, என் வாய். எம்மவன் அங்க உக்காந்துகிட்டு இங்க என் வாயைப் பூட்டுவானா? போடும்மா" என்றார்கள். போட்டேன். மகன் ரொம்ப நாள் பேசவில்லை. அந்தம்மா அதற்கப்புறம் எங்கள் நிகழ்ச்சி ஒன்றைக்கூட விட்டதில்லை. இடது ஓரத்தில் அதே நாற்காலி.

அன்று உண்டான சட்டம்தான் இது. பேசியவர் வேண்டாம் என்றால் நிறுத்துவோம், விளக்கை அணைக்கிற நிமிடம் வரைக்கும் சொல்லலாம். வீட்டுக்காரர்கள் சொன்னால் நிறுத்தமாட்டோம். இலியாஸுக்கு இல்லையென்று சொல்லிவிட்டு என் தங்கைக்கு ஆமாம் என்று சொன்னால், அந்த நாற்காலிப் பக்கம் நான் எப்படித் திரும்புவேன்?

காத்தாயியும் போன வாரம் வந்திருந்தாள். கதவோரம் நின்றுகொண்டு, "எம்புள்ளைவளையும் கூட்டியாரலாமா"ன்னு கேட்டாள். டிக்கெட் வாங்க வேண்டுமோ என்று பயந்திருக்கிறாள்.

மாப்பிள்ளையே வந்து வேண்டாம் என்று சொல்லட்டும். மறுபேச்சு பேசமாட்டேன். அவருக்கு என் மேல் இருக்கிற மரியாதையைப் பற்றி நீ எழுதினது உண்மைதான். அதை வைத்து நான் ஒன்றும் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

பொங்கலுக்கு வரட்டுமா? வேண்டாம் என்றால் எழுது.

அக்கா


திருமானூர் பக்கம்,
13.1.2025, போகி

அக்கா,

பொங்கலுக்கு வராதே. உன் மேல் கோபம் என்று இல்லை. நீ வந்தால் இவர் எழுந்து நிற்பார், நாற்காலி போடுவார், சிரிப்பார். நீ போனதும் மறுபடி மொச்சை உரிப்பார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வாருங்கள் என்று தினமும் சொல்கிறேன். "சொன்னது சொன்னதுதான்" என்கிறார். சரி, அப்படியானால் நிமிர்ந்து உட்காருங்கள் என்றால் அதுவும் இல்லை.

நேற்றுத்தான் எல்லாவற்றையும் கறந்தேன். கொடி பிடிக்கப் போகுமுன் அமாவாசையும் இவரும் ஒரே டீயைப் பாதிப் பாதி குடித்திருக்கிறார்கள். குடிக்கிற ஆளே இல்லை அவன். பின்னால் வரும்போது கத்த வேண்டிய ஹாரன் அந்த டிப்பரில் கத்தவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு டிரைவர்களுக்கு வாய் வலித்துவிட்டதாம். ஆள் விழுந்ததும், குடித்திருந்தான்தானே என்று கான்ட்ராக்டர் ஆள் வரிசையாகக் கேட்டிருக்கிறான். எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். இவரும் ஆட்டியிருக்கிறார்.

அன்றைக்கு வூட்டுக்கு வந்தார், குளித்தார், சாப்பிட்டார். கூட ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அந்தக் குழம்பு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது அக்கா. ஒன்றரை வருஷம் என் பக்கத்தில் படுத்து எழுந்த ஆள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விக்கி பையன் கேமராவை நீட்டினதும் சொல்லியிருக்கிறார். நீ விளக்குப் பிடித்திருக்கிறாய். எனக்கு அவர் வேலை போனதைவிட இது வலிக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

காத்தாயியின் சின்னவள் என் அங்கன்வாடியில்தான் இருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் குடிகாரன் மவ என்று கூப்பிடும். அப்படிச் சொல்லக்கூடாது என்று அதட்டுவேன். அப்படிச் சொல்லக்கூடாது என்றுதான் சொல்வேன். அப்படி இல்லை என்று சொன்னதில்லை. எனக்குத் தெரியாதே.

இன்று காலை கான்ட்ராக்டர் ஆள் ஒருவன் கரும்போடு வந்தான். பொங்கல் கரும்பாம். படத்தில் இவர் மூஞ்சி வராமல் இருந்தால் மாசக் கடைசியில் வந்து வண்டியை எடுக்கலாம், வந்தால் இந்த ஜில்லாவில் எந்த மைன்ஸிலும் டிப்பர் ஏற முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். கரும்பை மாட்டுக்குப் போட்டேன்.

உன் சட்டம் எனக்குப் புரிகிறது. பாத்திமா பீவி அம்மா நல்லவர்கள்தான். அந்தம்மா பேசினதற்கு மகன் கோபித்துக்கொண்டான், அவ்வளவுதான். இவர் பேசினால் என் வூட்டில் உலை வைக்க முடியாது. இரண்டும் ஒன்றா? படத்தில் வருகிறவர்களுக்கு முன்வரிசை, பார்க்க வருகிறவர்களுக்குப் பின்வரிசை. படத்தால் அடி வாங்குகிறவர்களுக்கு உன் கிடங்கில் எந்த நாற்காலி அக்கா?

தமிழ்


பெரம்பலூர்,
19.1.2025, ஞாயிறு

தமிழு,

உன் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று மாப்பிள்ளை கிடங்குக்கு வந்தார். உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாரா தெரியாது. நான் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே ஒரு துணியை எடுத்துக்கொண்டு மறுகோடியிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். நடுவில் சந்தித்தோம். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. சுவரில் அந்த மஞ்சள் இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார் போல, "அழிச்சிட்டீங்களா அண்ணி" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம், "நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

நீங்கள் வேண்டாமென்று சொல்கிறீர்களா என்று கேட்டேன். "நான் எப்புடி அண்ணி சொல்றது? காத்தாயி மூஞ்சியில முழிக்கணுமே. அன்னிக்கு ஒருதரம் தலையாட்டுனேன். இன்னொருதரம் ஆட்டச் சொல்றீங்களா" என்றார். அப்படியானால் போடட்டுமா என்றேன். கையிலிருந்த துணியை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போனார்.

விக்கியிடம் பேசினேன். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். "அக்கா, அந்தப் பதினோரு நிமிஷம்தான் படம். மீதியெல்லாம் தூசி" என்றான். அவன் சொன்னதும் சரிதான். எல்லாரும் சொல்வது சரியாக இருப்பதுதான் எனக்குக் களைப்பாக இருக்கிறது.

நேற்றுச் செட்டிகுளம் பெண்கள் வந்து பறை அடித்தார்கள். இடுப்பில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று அடித்தபோது தகரக் கூரையே அதிர்ந்தது. மேடையில்லாத இடம் என்பதால் முதல் வரிசைக்காரர்களின் கால்விரல் வரைக்கும் வந்து வந்து போனார்கள். அம்சவள்ளி என்று ஒரு பெண், கடைசியில் பறையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே தன் பெயரையும் ஊரையும் கூட்டத்துக்குச் சொன்னாள். அவ்வளவுதான் பேசினாள். நான் வழக்கம்போலப் பின்னால், சுவிட்ச் பலகைப் பக்கம் நின்றேன். அந்த வட்டத்துக்குள் நான் ஒரு தடவைகூட நின்றதில்லை என்று அப்போது தோன்றியது. எல்லாரையும் நிற்க வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் கல்லூரித் தாளாளர் வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வந்தார். வருடத்தில் ஒரு நாள்கூட வராதவர். ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, 25ஆம் தேதி என்னமோ மைன்ஸ் படமாமே, கான்ட்ராக்டர் நமக்கு வேண்டியவர், பார்த்துச் செய்யுங்கள் மணிமொழி மேடம் என்றார். சரிங்க சார் என்றேன். புத்தகத்தை வேறு அடுக்கில் வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்து இடத்தில் வைத்தேன்.

நான் வேண்டாமென்று சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி, காத்தாயிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் தவிர. அவளுக்கு நான் என்ன சொல்ல? நீ அவளைத் தினமும் பார்க்கிறாய். நீ என்ன சொல்கிறாய்?

அக்கா


திருமானூர் பக்கம்,
22.1.2025

அக்கா,

நீ கேட்டதால் காத்தாயியிடம் பேசினேன். சின்னவளைக் கூட்டிப்போக வந்திருந்தாள். பிள்ளைகள் எல்லாம் போனபிறகு உட்காரச் சொன்னேன். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

நான் சுற்றி வளைக்கவில்லை. உன் புருஷன் குடிக்கவில்லை, எனக்கு இப்போதுதான் தெரியும் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள் அக்கா. "எனக்குத் தெரியாதா டீச்சர்? பன்னண்டு வருசம் அந்த ஆளு கூட குடும்பம் நடத்துனவ நான். அவரு வாயில என்ன நாத்தம் வரும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "ஊருக்குத் தெரியணும் டீச்சர். அத நான் சொன்னா எடுபடுமா? செத்தவன் பொண்டாட்டி அப்புடித்தான் சொல்லுவான்னு போயிருவாங்க. வேற யாராச்சும் நாலு பேரு முன்னால நின்னு சொல்லணும். ஒருதரம் சொன்னா போதும். எம்புள்ளைவ காதுல விழுவணும்."

என் வூட்டுக்காரர் வேலையைப் பற்றிச் சொன்னேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். வேணாம்னா வேணாம் டீச்சர். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள். நினைத்துக்கொள்ளமாட்டேன் என்று சொல்கிறவளைப் பார்க்கிறதுதான் கஷ்டம். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நடக்கிற பிள்ளைதான். இருந்தும் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் பிள்ளைகள் சின்னவளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, அவுங்கப்பா குடிக்க மாட்டாரு, எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பிள்ளைகள் சரி டீச்சர் என்றன. அவ்வளவு சுலபமாக இருந்தது. நான்கு வயசுப் பிள்ளைகளிடம் சொல்கிறதால் சுலபம்.

நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். யாராவது சொல்லட்டும். அந்த யாராவது என் வூட்டுக்காரராக இருக்க வேண்டாம். பாப்பாவுக்கு இந்த வருஷம் பன்னிரண்டாவது. அவளை மேலே படிக்க வைக்க வேண்டும். இது பேராசையா என்று நீயே சொல்லு.

அவருக்கு இப்போது தினமும் நானே சோறு போட்டு எதிரில் உட்காருகிறேன். ஒன்றும் கேட்பதில்லை. நேற்று தானாகவே, அந்த டீக்கடைக்காரன் சர்க்கரை கூடப் போடுவான், அமாவாசைக்குப் பிடிக்காது என்றார். ஒரு வாய் சாப்பிட்டார். இதாவது என்னிடம் சொன்னாரே என்று இருந்தது.

சனிக்கிழமை நான் வரமாட்டேன். காத்தாயி வருவாள். பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள், பொங்கலுக்குக்கூடப் போடவில்லை.

தமிழ்


பெரம்பலூர்,
24.1.2025, வெள்ளி

தமிழு,

பேராசை இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை நாளை தபாலில் போடமாட்டேன். ஞாயிறு குடியரசு தினம், தபாலாபீஸ் கிடையாது. திங்கட்கிழமை போடுவேன். உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். முன்பே தெரிந்தால் நீ தடுப்பாய், அல்லது தடுக்காமல் இருந்துவிட்டோமே என்று பிறகு வருந்துவாய். இரண்டும் உனக்கு வேண்டாம்.

"நீங்களே வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்று மாப்பிள்ளை சொன்னதை இந்த வாரம் முழுக்க மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவளின் புத்தி அது. உனக்கு அவர் எப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கிறாரா என்று நீ கேட்டாய். சொல்லியிருக்கிறார், தமிழு. மாட்டுப் பொங்கலன்று சொன்னது அதுதான். அதைவிடத் தெளிவாக அந்த மனிதருக்குச் சொல்ல வராது. எனக்குத்தான் கேட்கவில்லை. பேசியவர் வேண்டாம் என்றால் நிறுத்துவோம் என்பதுதான் சட்டம். ஆகவே நான் சட்டத்தை மீறவில்லை. பாத்திமா பீவி அம்மா நாளைக்கு இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நான் அந்தப் பக்கம் திரும்ப முடியும்.

படம் என் மடிக்கணினியில்தான் இருக்கிறது. நாளை சாயங்காலம் அந்த இடம் வருகிறவரைக்கும் ஓடும். காத்தாயி தன் வீட்டு வாசலில் நின்று பேசுவது முடிந்ததும் நிறுத்துவேன். விளக்கைப் போடுவேன். மாப்பிள்ளை முகம் வராது, குரலும் வராது. விக்கிக்கும் இதைச் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவான், அப்புறம் காத்தாயி பேசுவதும் வராது. அவன் என்னை மன்னிக்கப் போவதில்லை. அதற்கும் அவனுக்கு உரிமை இருக்கிறது.

அதற்கப்புறம் சுவிட்ச் பலகையை விட்டு முன்னால் வருவேன். செட்டிகுளம் பெண்கள் நின்ற சுண்ணாம்பு வட்டம் இன்னும் பாதி அழியாமல் இருக்கிறது. அதில் நிற்பேன். கான்ட்ராக்டர் ஆட்கள் வருவார்கள், பின்னால்தான் உட்காருவார்கள். தாளாளரும் யாரையாவது அனுப்புவார். வரட்டும். காத்தாயி நாலு பேர் வேண்டும் என்றுதானே சொன்னாள்.

அமாவாசை குடித்திருக்கவில்லை என்று சொல்வேன். வண்டி பின்னால் வரும்போது கத்த வேண்டிய ஹாரன் கத்தவில்லை என்று சொல்வேன். உடனிருந்தவர் சொல்ல நான் இந்தக் காதால் கேட்டேன், விளக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன் என்று சொல்வேன். யார் சொன்னது என்று கேட்டால், நான் சொல்கிறேன், என் பெயர் இது, என் ஊர் இது என்பேன். அம்சவள்ளி சொன்னதைப் போல. என் மூஞ்சி, என் வாய். படத்துக்கு இருக்கிற பலம் என் பேச்சுக்கு இருக்காது. நேரில் பார்த்தவள் இல்லை, கேட்டவள்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் காதில் விழும். வேற யாராச்சும் என்று அவள் சொன்ன அந்த ஆளாக இருக்க எனக்கு என்ன குறை? புருஷன் இல்லை, டிப்பர் இல்லை, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இல்லை. இத்தனை வருடம் அதையெல்லாம் குறையாகத்தான் நினைத்திருந்தேன்.

என்னிடம் சொன்னது யாரென்று கான்ட்ராக்டர் ஆட்களுக்குத் தெரியாமல் போகாது. அதற்காக மாப்பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. கரும்போடு வந்தவன் கேட்டது அவர் முகம் வரக்கூடாது என்பது. வராது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்கு மேல் கோபம் வந்தால் அது முதலில் விழுகிற இடமாக நான் நிற்கிறேன். திங்கட்கிழமை எனக்கு நூலகம் இருக்குமா தெரியாது. இன்று மேசை இழுப்பறையைத் திறந்து சீப்பு, குடை, மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து மேசை கிருஷ்ணம்மாள், என்ன மேடம் ஊருக்கா என்றாள். ஆமாம் என்றேன்.

படத்தால் அடி வாங்குகிறவர்களுக்கு எந்த நாற்காலி என்று கேட்டாயே. நாளைக்கு முன்வரிசையில் ஒன்றைக் காலியாக வைக்கப்போகிறேன். நீ வரமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் வைப்பேன்.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது தமிழு. பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், களைப்பாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் படுக்க வேண்டும். நாளைக் காலை எழுந்ததும் முதல் வேலையாகக் காவி கரைக்க வேண்டும். படத்தில் வருகிறவர்களின் பெயர் சுவரில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், இப்போது காத்தாயி பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. அதன் கீழே அந்த மஞ்சள் இடத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அறிவரசன் இருந்த இடத்தில் மணிமொழி தாராளமாகக் கொள்ளும்.

அக்கா